மீலாத் விழா மேடையும் மானுக்குப் பிணை நின்ற படலமும்: ஒரு திறனாய்வு

முன்னுரை

இலங்கையின் அரச முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பு மாதம் விடுமுறைக் காலமாகும். எனவே நோன்பும் நோன்புப் பெருநாளும் பிள்ளைகளுக்கு வீட்டிலும் பள்ளிவாசலிலுமே பழக்கமாகின்றன. பாடசாலை தானே முன்னின்று நடத்தும் சமய விழாக்களுள் முதன்மையானது, நபிகளாரின் பிறப்பை ஒட்டி ரபீஉல் அவ்வல் மாதத்தில் நிகழும் மீலாத் விழாவாகும். அதன் வழியே பிள்ளைகள் மரபை எவ்வாறு கற்கின்றனர் என்பதைச் சீறாப்புராணப் படலமொன்றை முன்வைத்து இக்கட்டுரை நோக்குகிறது.

போட்டியும் மனனமும்

கிராஅத், கஸீதா, பேச்சு, கட்டுரை முதலிய போட்டிகள் மீலாத் விழாவில் இடம்பெறுகின்றன. கிராஅத் ஓதல் திருத்தத்தையும் கஸீதா இசையுணர்வையும் வளர்க்கின்றன. ஆயின் பேச்சுப் போட்டியில், பிறர் எழுதித் தந்ததை மனனஞ்செய்து ஒப்புவிக்கும் வழக்கம் மிகுதி. பொறுமை, நேர்மை, இரக்கம் என நபிகளாரின் பண்புகள் பட்டியலாக அடுக்கப்படுகின்றன. இதனால் மாணவர் பண்புகளின் பெயர்களை அறிகின்றனரேயன்றி, அவை செயலில் வெளிப்படும் முறையை அறிவதில்லை.

படலம் காட்டும் வழி

17ஆம் நூற்றாண்டில் உமறுப் புலவர் இயற்றிய சீறாப்புராணம் மூன்று காண்டங்களும் 5,027 பாடல்களும் கொண்டது. அதில் வரும் ‘மானுக்குப் பிணை நின்ற படலம்’ இக்குறையை ஈடுசெய்ய வல்லது. வேடனிடம் அகப்பட்ட பெண்மான், கன்றுக்குப் பாலூட்டித் திரும்புவதாக நபிகளாரிடம் முறையிடுகிறது. அவர் அதற்குப் பிணை நிற்கிறார். வேடன் ஐயுற்றபோதும் மான் சொன்ன சொல் தவறாது மீள்கிறது. இங்கே இரக்கம் அறிவுரையாக உரைக்கப்படவில்லை; பிறர் சொல்லுக்குத் தம்மையே ஈடாக வைக்கும் செயலாக நிகழ்கிறது. மேலும் ‘பிணை’ என்பது தமிழில் பெண்மானையும் குறிக்கும். உத்தரவாதமும் அதனைப் பெறும் உயிரும் ஒரே சொல்லில் அடங்கும் இந்நயத்தைத் தமிழ்வழிக் கற்கும் பிள்ளை தன் தாய்மொழியிலேயே துய்க்கலாம்.

தடைகள்

மீலாத் கொண்டாட்டத்தை ஏற்காத முஸ்லிம்களும் உளர். ஹதீஸ் அறிஞர் சிலர் இந்நிகழ்ச்சியின் அறிவிப்பை வலுவற்றதெனக் கருதுவர். இவ்விரு கருத்துகளையும் புறந்தள்ளுதல் முறையன்று. படலத்தை மார்க்கச் சான்றாகக் காட்டாது, தமிழ் முஸ்லிம்களின் காவிய மரபாகக் கற்பித்தலே பொருத்தமாகும்.

முடிவுரை

பாடலை ஒப்புவித்த மாணவரிடம், “தப்பிச் செல்ல இயன்ற மான் ஏன் மீண்டு வந்தது?” என்று நடுவர் ஒரு வினா எழுப்பினால் போதும். அதற்கான விடையை எவரும் முன்கூட்டி எழுதித் தர இயலாது. பிள்ளையே எண்ணிச் சொல்ல வேண்டும். அவ்வாறு எண்ணத் தூண்டும்போதே விழா மரபைக் கற்பிக்கும் களமாகிறது.