சாரல் பாறையில் ஒரு கடற்குடும்பம்

நன்னீர் நத்தைகளை இனம் பிரித்துப் பெயரிடும் கலை, கண்ணை முதலில் கவரும் ஓட்டை முழுதும் நம்பிவிடாத எச்சரிக்கையில் தொடங்குகிறது. சுண்ணாம்புச் சத்துக் குறைந்த நீரில் ஓடு மெலிந்துபோகும். அமிலத்தன்மை மிகுந்த நீரிலோ உச்சிச் சுருள்கள் அரிபட்டு, முழு வளர்ச்சி பெற்ற நத்தையும் முனை மழுங்கிக் காட்சியளிக்கும். ஆகவே ஒரே இனத்தின் ஓடுகள் இரண்டு ஓடைகளில் இரண்டு இனங்களைப் போலத் தோன்றுவதும், வெவ்வேறு இனங்கள் ஒரே அச்சில் வார்த்தவை போல இருந்து ஆய்வாளரை ஏமாற்றுவதும் இத்துறையில் வழக்கமானவை.

மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய கிரெம்னோகாங்கஸ் என்னும் பேரினம் இக்கலையின் அருமையை உணர்த்தப் போதுமானது. கிரேக்கச் சொற்களால் 'செங்குத்துப் பாறையின் சங்கு' என்று பொருள்படும் இப்பெயரை 1869இல் சூட்டியவர், இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் பணியாற்றிய வில்லியம் தாமஸ் பிளான்ஃபோர்டு. இப்பேரினம் சேர்ந்துள்ள லிட்டோரினிடே குடும்பத்து நத்தைகள் பெரும்பாலும் அலை மோதும் கடற்கரைப் பாறைகளில் வாழ்பவை. இந்தப் பேரினமோ உப்புநீரைத் துறந்து, 300 முதல் 1,400 மீட்டர் உயரத்திலுள்ள மலையோடைகளில் குடியேறியிருக்கிறது. அங்கேயும் அது தேர்ந்துகொண்ட இடம் வியப்புக்குரியது. அருவியின் சாரல் ஓயாமல் நனைக்கும் பாறை முகத்தில், நீருமன்றி நிலமுமன்றி அது ஒட்டிக்கொண்டிருக்கிறது. அலை தெறித்த பாறைக்கு ஈடாக அருவி தெறிக்கும் பாறை வாய்த்தது என்பதே அதற்குத் தகுந்த விளக்கமாகும்.

லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் டேவிட் ரீட், பெங்களூரு ஏட்ரீ நிறுவனத்தின் அரவிந்த், உடுப்பியைச் சேர்ந்த மத்யஸ்தா ஆகிய மூவரும் 2013இல் வெளியிட்ட ஆய்வு, இப்பேரினத்தில் ஒன்பது இனங்களை அங்கீகரித்தது. அவற்றுள் ஆறு புதியவை. இவ்வளவு சிறிய உயிர்களிடையே எல்லைக்கோடு வரைய ஓடு மட்டும் போதாது என்பதால், நுண்ணோக்கியின் கீழ் உடலைப் பிரித்து, ஆணின் புணர்ச்சி உறுப்பின் வடிவத்தையும் பெண்ணின் முட்டைக்குழாய் அமைப்பையும் பார்க்க வேண்டியிருக்கிறது. அடுத்து வருவது ராடுலா, அதாவது பாறையில் படிந்த பாசியைச் சுரண்டித் தின்ன உதவும், வரிசை வரிசையாகப் பற்கள் பதிந்த நாடா. சுற்றியுள்ள தசையைக் காரக் கரைசலில் கரைத்து, மயிரிழை போன்ற அந்நாடாவைக் கழுவி, கிழியாமல் விரித்து ஒட்டி, மெல்லிய பொன்பூச்சு ஏற்றிய பின்னரே எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் ஒவ்வொரு பல்லின் முனையும் தெளிகிறது. பொற்கொல்லரின் பட்டறையில் காணும் பொறுமைக்குச் சற்றும் குறையாத பொறுமை இது.

பெயரிடுதலிலும் ஒரு தேர்ந்த பார்வை ஒளிர்கிறது. உருண்டு திரண்டதற்கு 'சிறு உருண்டை' எனப் பொருள்படும் குளோபுலஸ், கச்சை கட்டியதற்குச் சிங்குலேட்டஸ், கஷ்கொட்டையை ஒத்த பழுப்புக்குக் காஸ்டானியா, ஆகும்பே மலைக்கு ஆகும்பென்சிஸ் என, ஒரு சொல்லிலேயே நத்தையோ அதன் ஊரோ முன்னே வந்து நிற்கிறது. ஒவ்வொரு பெயரும் மூலமாதிரி எனப்படும் ஒற்றை உடலோடு பிணைக்கப்பட்டு அருங்காட்சியகத்தில் காக்கப்படுவதால், நூறாண்டு கழித்து ஐயம் எழுந்தாலும் திரும்பிப் பார்க்க ஒரு சான்று இருக்கும். புதிய பெயர்களை அள்ளி வழங்குவதைவிட, ஐயத்துக்குரிய வேறுபாட்டைப் பெயரிடாமல் விட்டுவைக்கும் அடக்கமே இக்கலையில் முதிர்ச்சியின் அடையாளம்.

ஓடையின் நீரை வேறு வழியில் திருப்பிவிட்டால் சாரல் நிற்கும், பாறை உலரும், அதை நம்பியிருக்கும் நத்தையும் அங்கே மறையும். மலையருவிகளைக் காணச் செல்வோர் விழும் நீரைப் பார்த்த பிறகு, அருகில் நனைந்திருக்கும் பாறையையும் ஒருமுறை குனிந்து நோக்க வேண்டும். நத்தை கண்ணில் பட்டால் அதைப் பெயர்த்தெடுக்காமல் அங்கேயே விட்டுவர வேண்டும்.