சொல்லை விலக்கினால் இழிவு விலகுமா?

பிறர் மனம் நோகும் சொற்களைப் பேச்சிலிருந்தும் எழுத்திலிருந்தும் களைந்துவிட்டால் சமுதாயம் செம்மையுறும் என்பார் ஒரு சாரார். அஃது உண்மைக்குத் திரையிடும் செயலே என்பார் மற்றொரு சாரார். இவ்விரு கட்சிகளையும் உரைத்துப் பார்க்க 'இண்டர்லோக்' நாவலைவிட ஏற்ற உரைகல் இந்நாட்டில் இல்லை எனலாம்.

அப்துல்லா ஹுசேன் எழுதிய அந்நாவலை 1971இல் டேவான் பகாசா டான் புஸ்தாகா வெளியிட்டது. மலாய், சீன, இந்தியக் குடும்பங்கள் மூன்றின் கதைகளைத் தனித்தனியே கூறி, இறுதியில் ஒன்றாய்ப் பிணைப்பது அதன் அமைப்பு. ஆசிரியர் 1996இல் தேசிய இலக்கியவாதி விருது பெற்றவர். 2011இல் அந்நூல் கோலாலம்பூர், சிலாங்கூர் முதலிய பகுதிகளில் ஐந்தாம் படிவ மாணவர்க்குப் பாடநூலாயிற்று. பூசலும் உடன் எழுந்தது. மணியம் குடும்பக் கதையில், கடல் கடந்து வந்த இந்தியரைக் குறிக்கப் 'பறையா' என்னும் சொல் ஆளப்பட்டிருந்ததே காரணம். கூட்டங்கள் கூடின, நூலை எரித்தோரும் உண்டு. திருத்தக்குழு அமைத்தும் பூசல் ஓயவில்லை. அவ்வாண்டின் இறுதியில் நூல் பாடத்திட்டத்தினின்று விலக்கப்பட்டு, அதே ஆசிரியரின் வேறொரு நாவல் அவ்விடத்தில் வைக்கப்பட்டது.

நாவலாசிரியர் பகைமை பாராட்டி எழுதினார் என்பதற்கு நூலில் சான்றில்லை. இன ஒற்றுமையே அவர் நோக்கம். ஆயினும் நோக்கம் வேறு, விளைவு வேறு. பல சாதியாரும் கலந்து வந்த தென்னிந்தியத் தொழிலாளரை ஒரே பெயரில் அடைப்பது வரலாற்றுப் பிழை. அதனினும் பெரிது வகுப்பறை நிலை. கடையில் வாங்கிய நூல் பிடிக்காவிடில் மூடிவிடலாம். பாடநூலைப் பதினேழு வயது மாணவன் மூட முடியாது. பல இனத்தார் அமர்ந்த வகுப்பில் அச்சொல் உரக்கப் படிக்கப்படும்போது, எல்லாக் கண்களும் அவன்பால் திரும்பும். தேர்விலும் அவன் அதையே எழுதவேண்டும். ஆகவே கட்டாயப் பாடத்தினின்று நீக்கியது தக்கதே. நூலகத்தினின்றும் நீக்கவேண்டும் என்பது மிகை.

எனினும், எதிர்ப்புக் குரல்களில் ஒரு குற்றம் மறைந்திருந்தது. 'எங்களை அவ்வாறு அழைப்பதா?' என்று வெகுண்டோருள் சிலர் சாதி இழிவைக் கண்டு வெகுளவில்லை. அச்சாதியோடு தம்மைச் சேர்த்து எண்ணியதற்கே வெகுண்டனர். பறையர் என்போர் நம்முடன் வாழும் மக்கள் அல்லரோ? அவர்தம் பெயரையே வசைச்சொல்லாகக் கொண்டு வெகுள்வது, அவரை இரண்டாம் முறை இழிவுசெய்வதன்றி வேறென்ன?

இரட்டைமலை சீனிவாசன் 1893இல் தாம் தொடங்கிய பத்திரிகைக்குப் 'பறையன்' என்றே பெயரிட்டார். பிறர் எறிந்த கல்லைத் தம் வீட்டுக்கு அடித்தளமாக்கிய ஆண்மை அது. எம். சி. ராஜா மற்றொரு வழியை நாடினார். 1922இல் சென்னைச் சட்டசபையில் அவர் கொண்டுவந்த தீர்மானத்தால், அரசாங்க ஏடுகளில் பழம்பெயர் நீங்கி 'ஆதி திராவிடர்' என்னும் பெயர் ஏறியது. இரு வழிகளும் வேறெனினும் ஒன்றில் ஒக்கும்: பெயரைத் தேர்ந்தவர் அப்பெயருக்குரியவரே. ஏடு மாறியதனால் ஒரு மதிப்பு வந்ததும் மெய். சேரியும் தீண்டாமையும் அதனால் உடனே ஒழிந்துவிடவில்லை என்பதும் மெய்.

இதனால் பெறப்படுவது யாது? சொல்லைத் திருத்துதல் வேண்டும். அது மருந்தின் முதல் வேளை. அத்துடன் நோய் தீர்ந்ததென்று இருப்போமாயின் தீங்கே விளையும். கிள்ளானிலோ பிரிக்பீல்ட்சிலோ திருமணப் பேச்செடுக்கும் இல்லத்தில் சாதி வினவப்படுகிறதெனில், நாவலில் நீக்கிய சொல் நடுவீட்டில் வாழ்கிறதென்பதே பொருள். பாடநூலைத் திருத்தக் கல்வியமைச்சை நோக்கிக் குரலெழுப்பிய சமுதாயம், அதே குரலைத் தன் வீட்டுக்குள்ளும் எழுப்புமாயின், அன்று எழுந்த பூசல் பயனுடையதாகும்.