வாய் மாறும் குஞ்சுகள்

தாங்கனிக்கா ஏரி என்றதும் பாறையிடுக்கில் மின்னும் சிக்லிட் மீன்களைத்தான் பலரும் நினைப்பார்கள். என் மனம் அதே ஏரியின் மணல்தரையில் வாழும் செனோடிலாபியா ஃப்ளாவிபின்னிஸ் பக்கம்தான். வெளிறிய உடல், துடுப்பில் கொஞ்சம் மஞ்சள்.

வீட்டுத் தொட்டியில் இதற்கு முதல் தேவை பொடி மணல். வாய் நிறைய மணலை அள்ளி, மென்று, இரையை மட்டும் நிறுத்திக்கொள்ளும். கண்ணாடியோரம் முகம் வைத்துப் பார்த்தால், செவுள் மூடியின் விளிம்பிலிருந்து மிச்ச மணல் புகைபோல இறங்குவது தெரியும். சரளைக்கல் போட்ட தொட்டியில் இந்த அழகு கிடையாது, செவுளும் புண்ணாகும். தண்ணீர் கடினமாக, பிஎச் 8.5-ஐ ஒட்டி இருக்கட்டும். சூடு 25 டிகிரி.

இதன் பெருமையே குஞ்சு வளர்ப்புதான். முட்டைகளை முதலில் பெண் வாயில் அள்ளிக்கொள்ளும். பொரிந்து சில நாளான பின் ஆணின் முகத்துக்கு நேரே வந்து குஞ்சுகளை விடும். ஆண் அவற்றைத் தன் வாய்க்குள் வாங்கிக்கொள்ளும். மிச்ச நாள் சுமை அதனுடையது. வெளியே நீந்த விட்ட பிறகும் இரண்டும் சேர்ந்தே காவல் காக்கும். அந்தக் கைமாறும் நேரத்தில் வேறு மீன் குறுக்கே வந்தால் குஞ்சு மிஞ்சாது. ஆகவே ஜோடி சேர்ந்ததும் தனித்தொட்டி கொடுத்துவிடுவது நல்லது.