கயிறு பிடிப்பவர்

"இந்த மரத்தை எடுக்க எவ்வளவு நேரமாகும்ண்ணே?" என்று கேட்டுப் பாருங்கள். மரம் வெட்டுகிறவர் உடனே பதில் சொல்ல மாட்டார். அண்ணாந்து பார்ப்பார், ஒரு சுற்று சுற்றி வருவார். மின்கம்பி, கூரை, பக்கத்து வீட்டுச் சுவர் எல்லாவற்றையும் கண்ணால் அளந்த பிறகுதான், "சாயங்காலம் ஆயிடும்" என்பார்.

நெய்வேலி டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ்களில் பலாவும் மாவும் வேம்பும் வீட்டை ஒட்டியே வளர்ந்து நிற்கும். வெட்டவெளி மரமென்றால் சாய்க்க அரைமணி போதும். இங்கே கிளை கிளையாகத்தான் இறக்க வேண்டும். மேலே ஏறியவர் அறுக்கப்போகும் கிளையைக் கட்டி, கயிற்றை அதற்கு மேலுள்ள கவட்டையில் போட்டுக் கீழே விடுவார். கீழே நிற்பவர் அதை அடிமரத்தில் இரண்டு சுற்று சுற்றிப் பிடித்துக்கொள்வார். மெஷின் வாள் நின்றதும் கிளை முறிந்து, ஊஞ்சல்போல ஒருமுறை ஆடும். பிறகு கயிறு கரகரவென்று பட்டையைத் தேய்த்தபடி இளக, பூந்தொட்டிக்கு ஒரு முழம் தள்ளி மெல்ல இறங்கும். எனக்கென்னவோ, வாள் பிடிப்பவரைவிட இந்தக் கயிறு பிடிப்பவர்தான் கலைஞர்.

2011 டிசம்பர் 30இல் வந்த புயலுக்குப் பெயரே ‘தானே’. கயிறும் இல்லை, கணக்கும் இல்லை. தானே வந்து, இந்த ஊரின் ஆயிரக்கணக்கான மரங்களைத் தானே சாய்த்துவிட்டுப் போனது. அப்புறப்படுத்தத்தான் நாட்கணக்கில் ஆனது.

மரம் வெட்டுகிறவர் சொன்னபடி சாயங்காலம் வேலை முடியும். அடிக்கட்டை மட்டும் நிற்கும். வேர் தோண்ட வேறு நாள், வேறு கூலி.