பாட்டில்பியின் யன்னல்

ஹெர்மன் மெல்வில் 1853இல் எழுதிய 'எழுதுவினைஞன் பாட்டில்பி' என்னும் நெடுங்கதையைப் பற்றி மேனாட்டு விமரிசகர்கள் எழுதிக் குவித்துள்ளனர். சிலருக்கு அது மனித சுயேச்சையின் தத்துவம். சிலருக்கு ஆன்மாவின் மர்மம். கதை நிகழுமிடம் ஒரு சட்டத்தரணியின் காரியாலயம் என்பதும், அங்கே நோயுறுபவன் கூலிக்குப் படியெடுப்பவன் என்பதும் அவர்களுக்கு வெறும் பின்னணி. எமக்கோ அதுவே கதையாகத் தோன்றுகிறது.

நியூயோர்க்கின் வோல் வீதியில் அமைந்த அக்காரியாலயத்தின் இருபுற யன்னல்களும் சுவர்களையே நோக்குகின்றன. நூறு சொற்களுக்கு நான்கு சதம் கூலி. பழைய எழுதுவினைஞர் இருவருள் ஒருவர் நண்பகலுக்குப் பின் நிதானமிழந்து தாளெங்கும் மை சிந்துவார். மற்றவரோ காலையில் பல்லைக் கடித்தபடி, உயரம் சரிவராத மேசையின் கீழ் மரத்துண்டும் மட்டையும் செருகிக்கொண்டிருப்பார். கதை சொல்லும் சட்டத்தரணி இதனை நகைச்சுவையாகவே வருணிக்கிறார்: ஒருவர் கெடும்போது மற்றவர் தேறிவிடுவதால் வேலைக்குக் குறைவில்லையாம்! வாசிக்கும் நாமும் சிரித்துவிடுகிறோம். நோயைக் குணவிசேஷமாகக் கண்டு சிரிக்கும் குற்றத்தில் மெல்வில் எம்மையும் பங்காளிகளாக்கிவிடுகிறார்.

பாட்டில்பி முதலில் பசித்தவன்போல இரவும் பகலும் எழுதுகிறான். அவனது யன்னலுக்கும் எதிர்ச்சுவருக்கும் இடையே மூன்றடி. பின்னர் ஒவ்வொரு வேலையாக மறுத்து, இறுதியில் எழுதுவதையே நிறுத்துகிறான். அவன் கண்கள் மங்கியிருப்பதைச் சட்டத்தரணி காண்கிறார். ஒளி குன்றிய யன்னலே காரணமென ஊகிக்கவும் செய்கிறார். ஆயினும் இருக்கையை மாற்றினாரில்லை. திறந்த வெளியிற் சென்று தேகப்பயிற்சி செய்யுமாறு புத்தி கூறுகிறார்!

இவர் கொடியவரல்லர். பாட்டில்பி காரியாலயத்திலேயே குடியிருப்பதை ஒரு ஞாயிறன்று அறிந்து உள்ளம் உருகுகிறார். அவன் நோய் பிறவியிலே வந்தது, தீராதது, ஆன்மாவைப் பற்றியது என்று அன்றே முடிவுகட்டுகிறார். அவன் தன்னைப்பற்றிக் கேட்பவற்றுக்கு விடை கூறாவிடில் சம்பளத்துக்கு மேல் இருபது டொலர் கொடுத்து அனுப்பிவிடுவதென்பதும் அன்றைய தீர்மானமே. கதையின் முடிவிலோ, உரியவரைச் சேராத கடிதங்களைக் கையாளும் பகுதியில் அவன் முன்பு வேலை பார்த்தான் என்றொரு வதந்தியையும் சேர்க்கிறார். நோய் வேறொரு காரியாலயத்திலிருந்து வந்ததென்பது முதலாளிக்கு எத்துணை வசதி!

2016இல் வெளியான ஓர் ஆய்வு, அமெரிக்காவில் ஏறத்தாழ 12,800 சட்டத்தரணிகளை விசாரித்து, 28 வீதத்தினரிடம் மனச்சோர்வின் அறிகுறிகளைக் கண்டது. ஐவரில் ஒருவர் மதுவால் அல்லற்படுபவர். கையாற் படியெடுப்போர் மறைந்துவிட்டனர். ஆறு நிமிடக் கூறுகளாக ஊழியரின் நாளை அளந்து கட்டணம் அறவிடும் பெரு நிறுவனங்கள் தோன்றிவிட்டன. அவற்றுட் பல தியானமும் யோகாசனமும் கற்பிக்கின்றன. இவற்றை நாம் இகழவில்லை. நோயுற்றவனுக்கு ஆறுதல் வேண்டும். ஆனால் ஆறு நிமிடக் கணக்கு அப்படியே இருக்கிறது.

பாட்டில்பி வெளியேற மறுக்கவே, சட்டத்தரணி தாமே இடம் மாறுகிறார். அதற்கு அவர் அவனிடம் கூறும் காரணங்களுள் ஒன்று, அவ்விடத்துக் காற்று உடலுக்கு ஆகாது என்பது. பாட்டில்பி மறுமொழி கூறவில்லை.