பால்பவுடர் டின்னும் தடுப்பூசி வரிசையும்

பேரிடர் காலத்தில் பாலூட்டும் தாய்க்கு என்ன செய்தீர்கள் என்று கேட்டால், குழந்தைக்குக் கொடுத்த பொருளைத்தான் காட்டுவார்கள். கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வழியாகச் சதுரங்கப்பட்டினம் வரை நீளும் செங்கல்பட்டுக் கரை, 2004 சுனாமியையும் 2020 கொரோனாவையும் பார்த்தது. இரண்டிலும் தாயை யார் கவனித்தார்கள் என்பதே என் அளவுகோல்.

சுனாமிக்குப் பின், இந்தக் கரைக்குத் தெற்கே புதுச்சேரி மீனவ ஊர்களில் ஜிப்மர் மருத்துவர்கள் ஆய்வு செய்தார்கள். இலவசப் பால்பவுடர் குடித்த குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு, குடிக்காதவர்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு. கடல்நீர் புகுந்த கிணறு, அடுப்பில்லாத முகாம், கொதிநீர் காணாத புட்டி: வேறென்ன நடக்கும்? 'பயத்தில் பால் வத்திப்போச்சு' என்பார்கள். அதிர்ச்சியால் பால் இறங்கத் தாமதமாகலாம், சுரப்பு நின்றுவிடாது. பிள்ளை சப்பச் சப்பத்தான் ஊறும். புட்டி வந்தால் சப்புவது குறையும். அப்புறம் நிஜமாகவே வற்றும். இத்தகைய தானத்தைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1992இலேயே வந்துவிட்டது. நல்லெண்ணம் லாரியில் வந்து இறங்கும்போது சட்டப்புத்தகத்தை யார் பிரிக்கிறார்கள்!

கொரோனாவில் அறிவுரை தேறியது. உலக சுகாதார நிறுவனம் தொகுத்த ஆய்வுகளில், தொற்றுள்ள 46 தாய்மாரில் மூவரின் பாலில் மட்டுமே வைரஸின் மரபணுக்கூறு தென்பட்டது. முகக்கவசத்தோடு பால் கொடுக்கலாம், பிரிக்க வேண்டாம் என்று அந்நிறுவனம் 2020 ஜூனில் சொன்னது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமே முதலில் பிரிக்கச் சொல்லிப் பின்பு மாற்றிக்கொண்டது.

கோட்டை விட்டது தடுப்பூசியில். 2021 ஜனவரி 16 அன்று சுகாதாரப் பணியாளர்களுக்கு ஊசி தொடங்கியபோது, பாலூட்டும் செவிலியரும் அங்கன்வாடிப் பணியாளரும் வரிசையில் இல்லை. சோதனைகளில் பாலூட்டுவோரைச் சேர்க்கவில்லை என்பது நியாயமான தயக்கம்தான். ஆனால் பிப்ரவரியிலேயே, முன்னுரிமைப் பட்டியலில் இருந்தால் இவர்களுக்கும் போடலாம் என்று உலக சுகாதார நிறுவனம் கூறிவிட்டது. மத்திய அரசு அனுமதித்தது மே 19இல், இரண்டாம் அலை உச்சத்தில். எச்சரிக்கை என்ற பெயரில், நோயாளிகளுக்கு நடுவே நின்ற தாய்மாரைக் கவசமில்லாமல் விட்டார்கள்.

என் தீர்ப்பு: அறிவில் தேர்ச்சி, ஆதரவில் தோல்வி. கிட்டத்தட்ட எல்லாப் பிரசவமும் மருத்துவமனையில் நடக்கும் தமிழ்நாட்டில், 2019-21 கணக்கெடுப்பின்படி, ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பால் மட்டும் பெற்றவர்கள் சுமார் 55 சதவீதம். இந்திய அளவு 64. சாதாரண நாளிலேயே கைகொடுக்க ஆள் போதவில்லை என்றுதான் இதைப் படிக்கிறேன். மாவட்ட நிர்வாகம் அடுத்த புயலுக்கு முகாம் பட்டியல் போடும்போது, டின் கணக்குக்கு முன்னால் ஒரு திரை மறைவையும், தாய்க்கு ஒரு வேளைச் சோறு கூடுதலாகவும், பால் கொடுக்கப் பழக்கிவிடத் தெரிந்த ஒரு செவிலியரின் பெயரையும் எழுதட்டும்.