பெயர் இருக்கிறது, ஊர் இல்லை

அகதிகளுக்கென்று இந்தியாவில் தனிச் சட்டம் கிடையாது. 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவும் இல்லை. அப்படியிருந்தும், 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட இலங்கைத் தமிழர்கள் அலையலையாக வந்தபோது தமிழ்நாடு அவர்களைக் கரையேற்றிக்கொண்டது. பெயரைப் பதிந்து, கூரை தந்து, அரிசியும் மாதப் பணக்கொடையும் கொடுத்து, பிள்ளைகளை அரசுப் பள்ளியில் சேர்த்தது. எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தாமல் ஒரு மாநிலம் நாற்பது ஆண்டுகளாக இதைச் செய்துவருவது சிறிய காரியமில்லை. குறை சொல்ல வருகிறவர்கள் இதை ஒப்புக்கொண்டுதான் தொடங்க வேண்டும்.

திருச்சி விமான நிலையத்துக்கு அருகே கொட்டப்பட்டிலும், துவாக்குடிப் பக்கம் வாழவந்தான்கோட்டையிலும் இவர்களுக்கான முகாம்கள் இருக்கின்றன. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு சட்டமன்றத்தில் அறிவித்த 317.40 கோடி ரூபாய்த் திட்டத்தில் மாநிலம் முழுவதும் 7,469 வீடுகள் கட்டுவதாகச் சொல்லப்பட்டது. குடும்பத் தலைவருக்கான பணக்கொடை 1,000 ரூபாயிலிருந்து 1,500 ஆனது. உதவி என்ற பக்கத்தில் பெரிய பழுது சொல்ல எனக்கு மனமில்லை. பழுது இருப்பது பதிவேட்டில்.

அந்தப் பதிவேடு எப்படி எழுதப்படுகிறது? படகில் வந்து இறங்கியவர்களை மண்டபம் முகாமுக்குக் கொண்டுபோய், கியூ பிரிவு உளவுப் போலீசார் விசாரித்து, பிறகு ஒரு முகாமுக்கு அனுப்புவார்கள். குடும்ப அட்டையில் பெயர், வயது, உறவுமுறை, வந்த நாள், முகாம் ஏறும். அதன் பிறகு ‘செக்கிங்’. குறித்த நாளில் குடும்பத்தில் உள்ளவர்கள் நேரில் வந்து நிற்க வேண்டும். பெயிண்டிங் வேலைக்கு வெளியூர் போனவர் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, பஸ் ஏறி வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்புவார். வரவில்லையென்றால் பணக்கொடை நிற்கும். தொடர்ந்து வரவில்லையென்றால் பதிவையே வெட்டிவிடுவார்கள். யார் இருக்கிறார், யார் இல்லை என்பதை இவ்வளவு கறாராகக் கணக்கு வைக்கும் ஏட்டில், யார் எங்கிருந்து வந்தவர், அவருடைய பாட்டன் பூட்டன் எந்த ஊர் என்பதற்கு உரிய இடமில்லை. ஒரு முகாம்வாசியின் குடியுரிமை வழக்கில் முதலில் கேட்கப்படுவது அதுதான்.

கொட்டப்பட்டில் வாழ்கிறவர்கள் எல்லோரும் யாழ்ப்பாணத்தையும் திருகோணமலையையும் சேர்ந்தவர்கள் என்று வெளியில் இருப்பவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்தவர்களும் அங்கே இருக்கிறார்கள். அவர்களுடைய முன்னோர் இந்தப் பக்கத்துக்காரர்களே. முசிறி, துறையூர்ப் பகுதிகளிலிருந்து கங்காணிகள் கூட்டிப்போன குடும்பங்கள் எத்தனையோ. தோட்ட முதலாளிகள் 1904-இல் ஆள் சேர்ப்புக்காக அமைத்த இலங்கைத் தொழிலாளர் ஆணையத்தின் தலைமையகம் இதே திருச்சியில்தான் இருந்தது. போகிறவர் கழுத்தில் தோட்டத்தைக் காட்டும் எண் பொறித்த தகர வில்லையைத் தொங்கவிட்டு அனுப்பினார்கள். மண்டபத்தில் தடுத்து வைத்து, நோயில்லை என்று பார்த்த பிறகே கப்பலேற்றினார்கள். தோட்டத்துக்குப் போனால் விடியற்காலையில் பிரட்டுக் களத்தில் பேர் கூப்பிடுவார்கள். ஆக, இந்தக் குடும்பங்களை நாலைந்து தலைமுறையாக யாரோ ஒருவர் எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறார்.

1948-இல் இலங்கை இவர்களுடைய குடியுரிமையைப் பறித்தது. 1964-இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு, 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேரை இலங்கைக்கு என்று பங்கிட்டார்கள். மீதி ஒன்றரை லட்சம் பேரை 1974-இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அந்தக் கணக்கின்படி முறையாக வந்தவர்கள் தாயகம் திரும்பியோர் ஆனார்கள். கடனுதவி, அரசின் டான்டீ தேயிலைத் தோட்டங்களில் வேலை, ரெப்கோ வங்கி எல்லாம் அவர்களுக்குக் கிடைத்தன. அதே வம்சாவளியில், கலவரத்துக்குத் தப்பி ஆவணம் இல்லாமல் படகேறியவர்கள் அகதிப் பதிவேட்டில் ஏறினார்கள்; சட்டத்தின் கண்ணில் ‘சட்டவிரோதக் குடியேறிகள்’ ஆனார்கள். அண்ணன் இந்தியன், தம்பி அந்நியன் என்று ஒரே வீட்டில் கோடு விழுந்தது.

2019 ஜூன் 17-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் தந்த தீர்ப்பு இவர்களைப் பற்றியது. கொட்டப்பட்டு முகாமைச் சேர்ந்தவர்களும் அடங்கிய 65 பேர் இந்தியக் குடியுரிமை கேட்டிருந்தார்கள். அவர்களுடைய விண்ணப்பங்களைப் பெற்று மத்திய அரசு முடிவெடுக்க வேண்டும் என்றார் நீதிபதி. மலையக வம்சாவளியினர் யார் யார் என்ற விவரம் முதல் நாள் விசாரணையிலேயே எழுதப்பட்டிருந்தால், தாத்தாவின் ஊரை நிரூபிக்க முப்பத்தைந்து ஆண்டு கழித்து நீதிமன்ற வாசலில் நின்றிருக்க வேண்டாம் என்பதே என் குறை.

ஊரை விட்டுப் போன வழியை எழுதி வைப்பது இந்தக் காவிரிக்கரைக்குப் புதிதில்லை. 1323-இல் படையெடுப்புக்கு அஞ்சித் திருவரங்கத்திலிருந்து உற்சவர் நம்பெருமாளைத் தூக்கிச் சென்றவர்கள் எந்தெந்த ஊரில் தங்கினார்கள், 1371-இல் நம்பெருமாள் எப்படித் திரும்பினார் என்பதைக் கோயில் வரலாற்றைச் சொல்லும் கோயிலொழுகு பதிந்திருக்கிறது. அதே ஆற்றின் தென்கரையில் வாழும் மனிதர்களின் வழியை எழுத நமக்கு ஏட்டில் இடமில்லாமல் போனது வருத்தம் தருகிறது.

உரிய நேரத்தில் எழுதிய ஒரு தாள் என்ன செய்யும் என்பதற்கும் கொட்டப்பட்டே சாட்சி. 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் இங்கே வாழ்கிறார். 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன் என்பது சட்டம். பிறப்புச் சான்றிதழைக் காட்டி நீதிமன்றம் போன அவருக்குப் பாஸ்போர்ட் வழங்க 2022 ஆகஸ்டில் உத்தரவானது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் வாக்களித்தார். முகாம் பிள்ளைகளின் பிறப்பைப் பதிவுசெய்து, இலங்கைத் துணைத் தூதரகம் வழியாக ஆவணம் வாங்கித் தருவதைப் பெரும் வேலையாக எடுத்துச் செய்தது, தந்தை செல்வாவின் மகன் சந்திரகாசன் 1984-இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம். அதன் பொறுப்புகளில் அகதிகளே இருந்ததால் எந்தத் தாள் பின்னால் கேட்கப்படும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பதிவுப் பணியில் நான் பார்க்கும் மிகச் சிறந்த பகுதி இது.

இன்னும் விரிவாக விவரம் சேர்த்தால் அது கண்காணிப்புக்குத்தானே போகும் என்று கேட்கலாம். நியாயமான அச்சம். 1991-க்குப் பிறகு சுமார் ஒரு லட்சம் பேர் திருப்பி அனுப்பப்பட்டபோது, படிக்கத் தெரியாத ஆங்கிலப் படிவத்தில் கையெழுத்து வாங்கினார்கள் என்ற புகார் எழுந்தது. பழ. நெடுமாறனும் மருத்துவர் ராமதாசும் 1992-இல் நீதிமன்றம் போனார்கள். அதையடுத்த காலத்தில், திரும்பிப் போகிறவர் விரும்பித்தான் போகிறாரா என்று கேட்டறியும் வேலை ஐ.நா. அகதிகள் ஆணையத்திடம் வந்தது. வெளிநாட்டவரை அடைத்து வைக்கும், திருச்சி மத்தியச் சிறை வளாகத்துச் சிறப்பு முகாமையும் யாரும் மறக்க முடியாது. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 2022 நவம்பரில் விடுதலையான சாந்தன் அங்கே அடைக்கப்பட்டு, இலங்கைக்கு அனுப்பும் ஏற்பாடு முடியும் தறுவாயில் 2024 பிப்ரவரி 28-இல் சென்னையில் இறந்தார். விவரம் சேர்ப்பவரும் அடைத்து வைக்கப் பரிந்துரைப்பவரும் ஒரே துறையாக இருக்கும் வரை, உண்மையைச் சொல்ல முகாம்வாசி தயங்குவார். ஆகவே விசாரணையைக் காவல்துறையிடமிருந்து பிரிக்க வேண்டும். எழுதியதன் நகல் அவரவர் கையில் இருக்க வேண்டும்.

எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்பதும் தெரிந்ததே. 2019 ஜனவரியில் கேரளத்தின் முனம்பத்திலிருந்து ஒரு மீன்பிடிப் படகு புறப்பட்டது. இலங்கைத் தமிழ் வழிவந்தவர்கள் உட்பட இருநூறுக்கும் மேற்பட்டோர் ஏறியதாகச் சொல்கிறார்கள். பயணிகள் பட்டியல் இல்லை, படகும் கிடைக்கவில்லை. உறவினர்கள் யாரிடம் போய்க் கேட்பது? பன்னாட்டுப் புலம்பெயர்வு அமைப்பு 2014 முதல் வழியில் மாண்டவர்களையும் காணாமல் போனவர்களையும் பதிந்துவருகிறது. நம் கரையோர மாநிலங்களில் அப்படி ஒரு பொதுப் பதிவு எனக்குத் தெரிந்து இல்லை.

இப்போது பதிவேட்டின் எடை கூடிவிட்டது. 2025 செப்டம்பர் 1-இல் வந்த மத்திய அரசின் ஆணை, 2015 ஜனவரி 9 வரை இந்தியாவில் தஞ்சம் புகுந்து ‘பதிவுபெற்ற’ இலங்கைத் தமிழர்களுக்குப் பாஸ்போர்ட், விசா இல்லாததற்கான தண்டனையிலிருந்து விலக்கு தருகிறது. நல்லதுதான், ஆனால் அது குடியுரிமை ஆகாது. செக்கிங்குக்கு வராததால் பதிவு வெட்டப்பட்டவர் இதில் சேருவாரா? 2022-இல் பொருளாதாரம் நொறுங்கியபோது கைக்குழந்தையோடு தனுஷ்கோடி மணல்திட்டில் இறக்கிவிடப்பட்டவர்கள் தேதியாலேயே வெளியே நிற்கிறார்கள்.

1983-இல் இருபது வயதில் படகேறியவருக்கு இன்று அறுபது தாண்டிவிட்டது. எந்தத் தோட்டம், எந்த லயக் குடியிருப்பு, தாத்தா எந்த ஊரிலிருந்து போனார் என்று சொல்லத் தெரிந்தவர்கள் அவர்களே. அவர்களுடைய பிள்ளைகளுக்கு முகாமின் கதவு எண்தான் தெரியும். மறுவாழ்வுத் துறை கொட்டப்பட்டிலும் வாழவந்தான்கோட்டையிலும் வம்சாவளி விசாரணையை இந்த ஆண்டே தொடங்க வேண்டும். வீடுகட்ட ஒதுக்கிய தொகையோடு பார்த்தால் அதற்கு ஆகும் செலவு மிகச் சொற்பம்.